தட்டுப்பாடு வருமுன் மளிகை சேர்த்து வைப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எத்தனை நாளுக்குச் சேர்த்து வைத்தால் போதும்?

முதலில் இரண்டு வாரம். அது நிறைந்த பிறகு ஒரு மாதம். வெள்ளம், புயல், சாலை முடக்கம், வீட்டில் ஒருவருக்கு நோய், வேலை இழப்பு போன்றவற்றைச் சமாளிக்க பெரும்பாலும் இவ்வளவு போதும். மூன்று மாதத்துக்குச் சேர்ப்பது இடமும், உலர்ந்த அறையும், பூச்சியைக் கவனிக்க ஆளும் உள்ள வீட்டுக்குத்தான் சரிப்படும். ஆறு மாத அரிசியை வாங்கி அதில் பாதியை வண்டுக்குக் கொடுப்பவர்கள், ஒரு மாத இருப்பைச் சரியாகப் பராமரிப்பவர்களைவிட மோசமான நிலையில்தான் இருப்பார்கள்.

ஒரு ஆளுக்கு எவ்வளவு என்று கணக்குப் போடுவது எப்படி?

வளர்ந்த ஒருவருக்கு நாளுக்குச் சுமார் 2,000 கலோரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அரிசி, கோதுமை, சிறுதானியம் எதுவானாலும் 100 கிராமில் ஏறக்குறைய 350 கலோரி இருக்கும். பருப்பு வகைகளில் 340, சர்க்கரையில் 400, எண்ணெயில் 900. இதை வைத்துப் பார்த்தால் ஒரு நாளுக்குத் தானியம் 400 கிராம், பருப்பு 75 கிராம், எண்ணெய் 30 மில்லி, சர்க்கரை 30 கிராம் சேர்ந்தால் 2,000 வந்துவிடும். காய்கறி, பால், முட்டை கிடைத்தால் அது கூடுதல்.

முப்பது நாளுக்கு ஒருவருக்கு: தானியம் 12 கிலோ, பருப்பும் பயறும் சேர்த்து இரண்டேகால் கிலோ, எண்ணெய் ஒரு லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு, சர்க்கரை 900 கிராம். உப்பு நாளுக்கு 5 கிராம் என்றால் மாதம் 150 கிராம்தான், கால் கிலோ வைத்தால் தாராளம். தினம் ஒரு டம்ளர் (200 மில்லி) பால் வேண்டுமென்றால் கொழுப்பு நீக்காத பால் பவுடர் 750 கிராம்.

ஐந்து முதல் பத்து வயதுக் குழந்தையைச் சுமார் 0.7 ஆள் என்று எடுக்கலாம். பெரியவர் இருவர், குழந்தை இருவர் உள்ள வீடு 3.4 ஆள். இரண்டு வாரத்துக்கு அந்த வீட்டுக்குத் தானியம் 19 கிலோ, பருப்பு மூன்றரை கிலோ, எண்ணெய் ஒன்றரை லிட்டர், சர்க்கரை ஒன்றரை கிலோ வேண்டும். உடலுழைப்பு அதிகமுள்ளவர், வளரும் பருவத்துப் பிள்ளைகள், பாலூட்டும் தாய் இருந்தால் கால் பங்கு கூட்டிக்கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டில் இவ்வளவு அரிசி செலவாகாதே?

அப்படியானால் உங்கள் வீட்டுக் கணக்குதான் சரி, மேலே உள்ளது வெறும் தொடக்கப்புள்ளி. பாக்கெட்டைப் பிரிக்கும் நாளில் அதன் மேல் தேதியை எழுதுங்கள். காலியாகும் நாளில் பார்த்தால் 10 கிலோ பை எத்தனை நாள் வந்தது என்று தெரிந்துவிடும். எண்ணெய், பருப்பு, சோப்பு, சமையல் எரிவாயு என எல்லாவற்றுக்கும் இரண்டு மாதம் இப்படிச் செய்தால் எந்த அட்டவணையும் தேவையில்லை. ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: பள்ளியிலும் அலுவலகத்திலும் மதியம் சாப்பிடுபவர்கள் நெருக்கடி நாளில் வீட்டில்தான் மூன்று வேளையும் சாப்பிடுவார்கள். அந்த வேளைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எந்தப் பொருள் முதலில் காணாமல் போகும்?

எல்லாப் பொருளும் ஒரே நாளில் தீர்ந்துபோவது அபூர்வம். பெரும்பாலும் ஒரு பொருள், அதிலும் ஒரு ரகம் மட்டும்தான் மாயமாகும். 2022 பிப்ரவரியில் ரஷ்யா உக்ரைன் மீது படையெடுத்தபோது சூரியகாந்தி எண்ணெய் முடங்கியது, ஏனென்றால் உலக ஏற்றுமதியில் பாதிக்கும் மேல் அந்த இரண்டு நாடுகளிலிருந்துதான் வந்தது. அதே ஆண்டு ஏப்ரல் 28 முதல் மே 23 வரை இந்தோனேசியா பாமாயில் ஏற்றுமதியை நிறுத்தியது. 2023 ஜூலை 20 அன்று இந்தியா பாசுமதி அல்லாத பச்சரிசி ஏற்றுமதிக்குத் தடை போட்டதும், கடல் கடந்து வாழும் இந்தியர்கள் கடைகளில் மூட்டை மூட்டையாக வாங்கினார்கள். அந்தத் தடை புழுங்கல் அரிசிக்குப் பொருந்தவில்லை.

சில சமயம் பொருள் இருக்கும், பை இருக்காது. 2020இல் கொரோனா ஊரடங்கு தொடங்கியபோது பல நாடுகளில் கடைகளில் மாவு கிடைக்கவில்லை. ஆலைகளில் மாவுக்குப் பஞ்சமில்லை. பேக்கரிகளுக்கு மூட்டையாகப் போய்க்கொண்டிருந்த மாவை வீட்டுக்கான சிறு பைகளில் கட்டும் திறன்தான் போதவில்லை.

அதனால் ஒரே பொருளைக் குவிப்பதைவிட மாற்று வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். அரிசியோடு கோதுமையோ சோளமோ கொஞ்சம், ஒரு எண்ணெயோடு இன்னொரு எண்ணெய், இரண்டு மூன்று வகைப் பருப்பு. மாற்றுப் பொருளை மாதம் ஒரு முறையாவது சமைத்துப் பழகியிருக்க வேண்டும். வீட்டில் யாரும் தொடாத தானியத்தை நெருக்கடி நாளில் குழந்தைகள் திடீரென்று விரும்பிச் சாப்பிடுவார்கள் என்று எதிர்பார்க்க முடியாது.

எல்லாரும் சேர்த்து வைத்தால் அதுவே தட்டுப்பாட்டை உண்டாக்காதா?

எப்போது வாங்குகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஒரு கடை 100 குடும்பங்களுக்கு ஒரு வாரச் சரக்கு வைத்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரே வாரத்தில் ஒவ்வொருவரும் தங்கள் பங்கோடு இன்னும் இரண்டு வாரத்துக்குக் கேட்டால் 33 குடும்பங்களோடு சரக்கு தீர்ந்துவிடும். மீதி 67 குடும்பங்களுக்கு வெறும் அலமாரிதான். விளைச்சல் குறையாமலேயே பஞ்சம் வந்துவிட்டதுபோல் தோன்றும். அதே இரண்டு வாரக் கூடுதலை மூன்று மாதத்தில் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கினால் கடைக்காரர் அடுத்த முறை சிறிது கூடுதலாகச் சரக்கு எடுப்பார், அவ்வளவுதான்.

செய்தி பரவி வரிசை நிற்கத் தொடங்கிய பிறகு சேர்க்கப் போகாதீர்கள். அப்போது அன்றாடத் தேவைக்கு மட்டும் வாங்கி, ஏற்கெனவே வீட்டில் இருப்பதை எடுத்துப் பயன்படுத்துங்கள். கையிருப்பு வைத்திருப்பதே அந்த வரிசையில் நிற்காமல் இருக்கத்தான்.

மொத்தமாக வாங்கப் பணம் இல்லை. என்ன செய்வது?

ஒவ்வொரு முறை கடைக்குப் போகும்போதும் வழக்கமாக வாங்குவதில் ஒன்றை மட்டும் இரண்டாக வாங்குங்கள். முதல் வாரம் உப்பும் தீப்பெட்டியும், அடுத்து ஒரு கிலோ பருப்பு, அதற்கடுத்து எண்ணெய். மூன்று மாதத்தில் இரண்டு வார இருப்பு பெரிய சுமை இல்லாமல் சேர்ந்துவிடும். கடன் வாங்கியோ தவணையிலோ மளிகை சேர்க்க வேண்டாம். நெருக்கடி நேரத்தில் கையில் ரொக்கம் இருப்பதும் ஒரு கையிருப்புதான்.

மூடி வைத்த அரிசியில் வண்டு எங்கிருந்து வருகிறது?

பெரும்பாலும் வெளியிலிருந்து வருவதில்லை, அரிசிக்குள்ளேயே வருகிறது. பெண் வண்டு மணியில் துளை போட்டு, உள்ளே முட்டை வைத்து, தன் சுரப்பாலேயே துளையை அடைத்துவிடும். கண்ணுக்கு அந்த மணி முழுசாகத்தான் தெரியும். புழு உள்ளேயே தின்று வளர்ந்து, கூட்டுப்புழுவாகி, முழு வண்டாக வெளியே வர வெப்பமான அறையில் நான்கைந்து வாரம் ஆகும். ஒரு பெண் வண்டு தன் ஆயுளில் 300 முட்டை வரை வைக்கும். ஒரு மாதம் கழித்துத் திடீரென்று டப்பா முழுக்க வண்டு தெரிவது இதனால்தான்.

உறைபெட்டி இருந்தால் அதைப் போல எளிய வழி வேறில்லை. அரிசியை ஒன்று அல்லது இரண்டு கிலோ பைகளாகப் பிரித்து, காற்றுப் புகாமல் கட்டி, மைனஸ் 18 டிகிரியில் நான்கு நாள் முதல் ஒரு வாரம் வையுங்கள். முட்டை, புழு, வண்டு எல்லாம் செத்துவிடும். பெரிய மூட்டையை அப்படியே திணித்தால் நடுப்பகுதிக்குக் குளிர் போய்ச் சேர வெகுநேரம் ஆகும், வேலை பாதியில் நின்றுவிடும். வெளியே எடுத்ததும் பையைத் திறக்கக் கூடாது. அறை வெப்பத்துக்கு வரும்வரை, ஒரு முழு நாள், மூடியபடியே விடுங்கள். சில்லென்ற அரிசியைக் காற்றில் கொட்டினால் அதன் மேல் நீர் படியும், பிறகு வண்டுக்குப் பதில் பூஞ்சணம் வரும். இந்த ஒரு பிழையால்தான் பலர் உறைபெட்டி முறையே சரியில்லை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

உறைபெட்டி இல்லையென்றால், இறுக மூடும் பாத்திரத்தில் வாய்வரை நிரப்புங்கள். உள்ளே காற்று எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. பாதி டப்பா காலியாக இருந்தால் சிறிய டப்பாவுக்கு மாற்றிவிடுங்கள். அறை வெப்பம் 15 டிகிரிக்குக் கீழே இருந்தால் வண்டு பெருகாது, ஆனால் அது எல்லார் வீட்டிலும் நடக்கிற காரியம் இல்லை.

வெயிலில் காயவைத்தால் வண்டு ஓடிவிடும், உள்ளே இருக்கும் முட்டை அப்படியே தங்கிவிடலாம். கடும் வெயிலில் அரிசி மணியில் வெடிப்பு விட்டு, வேகும்போது குருணையாகும். நிழலில் பரப்பிப் புடைத்து எடுங்கள். காய்ந்ததைச் சூடாகவே டப்பாவில் கொட்டாமல் ஆறவிட்டுக் கொட்டுங்கள், இல்லாவிட்டால் மூடியின் அடியில் வேர்க்கும்.

காய்ந்த மிளகாய், கிராம்பு, பிரிஞ்சி இலை போட்டால் போதாதா?

வாசனை வெளியிலிருந்து வரும் பூச்சியைக் கொஞ்சம் தயங்க வைக்கலாம். மணிக்குள் இருக்கும் முட்டைக்கு மிளகாயின் காரம் தெரியாது. போட்டால் கெடுதல் இல்லை, அதை மட்டும் நம்பினால்தான் கெடுதல்.

கிடங்குகளில் போடும் பூச்சி மாத்திரையை வீட்டில் வைக்கலாமா?

கூடாது. அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை காற்றின் ஈரத்தோடு சேர்ந்து பாஸ்பீன் என்ற நச்சு வாயுவை விடும். மூடிய அறையில் தூங்குகிறவர்களை அது கொன்றுவிடும். மாற்று மருந்து கிடையாது. போரிக் பவுடரைத் தானியத்தில் கலப்பதையும் விட்டுவிடுங்கள்.

பருப்பு, பயறு எப்படி வைப்பது?

உடைத்த பருப்பைவிட முழுப்பயறைத்தான் வண்டு அதிகம் அடிக்கும். பயறு வண்டு முட்டையைத் தோலின் மேல் ஒட்டி வைக்கும். மணியில் வெள்ளைப் புள்ளி தெரிந்தால் அது முட்டை, வட்டமான ஓட்டை தெரிந்தால் வண்டு வெளியேறிவிட்டது. வாங்கும்போதே ஒரு கைப்பிடி எடுத்துப் பாருங்கள்.

ஒரு கிலோ முழுப்பயறுக்கு 5 மில்லி (ஒரு தேக்கரண்டி) சமையல் எண்ணெய் விட்டுப் பிசறி, ஒவ்வொரு மணியிலும் மெல்லிய பூச்சு ஏறும்படி செய்தால் முட்டைக்கு மூச்சு அடைத்துவிடும். வண்டுக்கு மணியில் பிடிப்பும் கிடைக்காது. இது நன்றாக வேலை செய்யும் பழைய முறை. எண்ணெய் அதிகமானால் சிக்கு வாடை வரும், ஆகவே தேக்கரண்டிக்கு மேல் போகாதீர்கள். எண்ணெய் பிசறிய பயறு முளைப்பது குறையும் என்பதால், முளைகட்டவும் விதைக்கவும் வேண்டியதைத் தனியாக எடுத்து வைத்துவிடுங்கள்.

பழைய பயறு எத்தனை விசில் விட்டாலும் வேகவில்லை. கெட்டுவிட்டதா?

கெடவில்லை, முற்றிவிட்டது. வெப்பமும் ஈரமும் உள்ள இடத்தில் பல மாதம் இருந்தால் பயறின் செல்களைப் பிணைக்கும் பொருள் சுண்ணாம்புச் சத்தோடு இறுகிக் கரையாமல் நின்றுவிடும். இரவு முழுக்க ஊறவையுங்கள், ஊறும் நீரில் ஒரு லிட்டருக்குக் கால் தேக்கரண்டி சமையல் சோடா போடுங்கள், அந்த நீரைக் கொட்டிவிட்டுப் புதுநீரில் வேகவையுங்கள். புளியும் தக்காளியும் பயறு வெந்த பிறகுதான் சேர்க்க வேண்டும். அப்படியும் வேகவில்லையென்றால் வறுத்துப் பொடியாக அரைத்துக்கொள்ளலாம்.

ராஜ்மா விஷயத்தில் மட்டும் எரிபொருள் சிக்கனம் பார்க்கவே கூடாது. ஐந்து மணி நேரமாவது ஊறவைத்து, நீரைக் கொட்டி, புதுநீரில் குறைந்தது பத்து நிமிடம் தளதளவெனக் கொதிக்க வேண்டும். மிதமான சூட்டில் அரைவேக்காடாக விட்டால் அதிலுள்ள நச்சு அழியாமல், சில மணி நேரத்தில் கடும் வாந்தி வரும்.

மாவாக வாங்கலாமா, தானியமாக வாங்கலாமா?

அரைக்க வழி இருந்தால் தானியம். தவிட்டிலும் முளைக்கருவிலும் எண்ணெய் இருக்கிறது, அரைத்ததும் அது காற்றைத் தொட்டுக் கெடத் தொடங்கும். முழுக்கோதுமை மாவு அறை வெப்பத்தில் இரண்டு மூன்று மாதம். தவிடு நீக்கிய வெள்ளை மாவு ஏறக்குறைய ஒரு வருடம். கம்பு மாவுதான் எல்லாவற்றிலும் அவசரக்காரன்: சில நாளிலேயே கசப்பு ஏறும். கம்பை மணியாகவே வையுங்கள்.

அரிசியிலும் இதே கதைதான். தீட்டாத பழுப்பு அரிசி ஆறு மாதத்தைத் தாண்டினால் வாடை வரும். தீட்டிய அரிசி நன்றாக மூடினால் வருடக்கணக்கில் நிற்கும். நீண்ட நாள் வேறு உணவு குறைவாக இருக்கும் என்று நினைத்தால் புழுங்கல் அரிசியைத் தேர்ந்தெடுங்கள். நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள பி1 வைட்டமின் அரிசிக்குள் இறங்கிவிடுகிறது, தீட்டினாலும் முழுவதும் போகாது. தீட்டிய பச்சரிசியையே மாதக்கணக்கில் நம்பியவர்களுக்கு வந்த நோய்தான் பெரிபெரி.

எண்ணெய் எவ்வளவு நாள் தாங்கும்?

பிரிக்காத பாட்டிலோ டின்னோ அச்சிட்ட தேதி வரை தாங்கும். பிரித்த பிறகு இரண்டு மூன்று மாதத்தில் முடித்துவிடுங்கள். வெளிச்சம், சூடு, காற்று மூன்றும் எண்ணெய்க்குப் பகை. அடுப்புக்குப் பக்கத்து அலமாரி கைக்கு வசதி, எண்ணெய்க்கு அதைவிட மோசமான இடம் இல்லை. ஐந்து லிட்டர் டின் ஒன்றைவிட ஒரு லிட்டர் பாட்டில் ஐந்து நல்லது, ஏனென்றால் ஒரு சமயத்தில் ஒன்றுதான் காற்றைப் பார்க்கிறது. பழைய எண்ணெயின் மிச்சத்தோடு புதியதை ஊற்றாதீர்கள். சிக்கு ஏறிய எண்ணெய் புதியதையும் வேகமாகக் கெடுக்கும். பூசாத செம்பு, இரும்புப் பாத்திரமும் வேண்டாம்.

எவ்வளவு பெரிய டப்பா வேண்டும்?

அரிசி, பருப்பு, சர்க்கரை எல்லாம் ஒரு லிட்டரில் சுமார் 800 கிராம் பிடிக்கும். 10 கிலோவுக்குப் பன்னிரண்டரை லிட்டர் டப்பா. மாவு உப்பிய பொருள், அதே 10 கிலோவுக்கு 17 அல்லது 18 லிட்டர் வேண்டும். எலித் தொல்லை உள்ள வீட்டில் தகரமோ எவர்சில்வரோதான், பிளாஸ்டிக்கை எலி ஓர் இரவில் கடித்துவிடும். கடையில் தரும் மெல்லிய பாலித்தீன் பையை அந்துப்பூச்சியின் புழுவே துளைத்துவிடும். மாவில் நூல் கட்டியிருந்தால் அது அந்துப்பூச்சியின் வேலை.

டப்பாவை நேராகத் தரையில் வைக்காமல் பலகை மேல், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். சிமெண்டுத் தரையும் வெளிச்சுவரும் குளிர்ந்து ஈரம் விடும், மூட்டையின் அடிப்பாகம் முதலில் கட்டிபிடிப்பது அதனால்தான்.

தானியம் போதுமான அளவு காய்ந்திருக்கிறதா என்று வீட்டில் எப்படிப் பார்ப்பது?

நன்றாக உலர்ந்த கண்ணாடி பாட்டிலில் கால் பங்கு தானியம், அதோடு இரண்டு மூன்று தேக்கரண்டி காய்ந்த தூளுப்பு. மூடி ஒரு நிமிடம் குலுக்கி, கால் மணி நேரம் விடுங்கள். உப்பு பாட்டில் சுவரில் ஒட்டியிருந்தால் தானியத்தில் 15 சதவீதத்துக்கு மேல் ஈரம் இருக்கிறது, சேமிக்க ஆகாது. ஒட்டாமல் கீழே விழுந்தால் பரவாயில்லை. நீண்ட நாள் வைக்கத் தானியத்தில் ஈரம் 12 சதவீதத்துக்குக் கீழே இருப்பது நல்லது.

வேர்க்கடலைக்கு இன்னும் கவனம் தேவை. அது 7 அல்லது 8 சதவீதத்தைத் தாண்டினாலே பூஞ்சணம் பிடிக்கும். அந்தப் பூஞ்சணம் உண்டாக்கும் அஃப்லாடாக்சின் கல்லீரலைத் தாக்கும் நச்சு. வறுத்தாலும் வேகவைத்தாலும் முழுதாகப் போகாது. சுருங்கிய, நிறம் மாறிய, கசக்கும் கடலையைக் கோழிக்கும் மாட்டுக்கும்கூடப் போடாதீர்கள்.

உப்பு, சர்க்கரை, வெல்லம்?

உப்பும் சர்க்கரையும் கெடுவதில்லை, ஈரம் பட்டுக் கட்டியாகும், அவ்வளவுதான். அயோடின் உப்பைத் திறந்து வைத்தால் அயோடின் குறையும். வெல்லம் ஈரம் இழுக்கும், சிறிய அளவிலேயே வாங்குங்கள். தேன் பல வருடம் நிற்கும், ஆனால் ஒரு வயது நிறையாத குழந்தைக்குக் கொடுக்கவே கூடாது.

அச்சிட்ட தேதி தாண்டினால் தூக்கிப் போட வேண்டுமா?

இரண்டு வகைத் தேதி உண்டு. ‘இதற்குள் பயன்படுத்தவும்’ என்பது பாதுகாப்பு பற்றியது. பால், இறைச்சி, மீன் போன்றவற்றில் அதை மீறாதீர்கள். ‘இதற்கு முன் சிறந்தது’ என்பது சுவையும் மணமும் பற்றியது. காய்ந்த பருப்பு, அரிசி போன்றவை அந்தத் தேதிக்குப் பிறகும் நன்றாகவே இருக்கலாம். முகர்ந்து, பார்த்து முடிவு செய்யுங்கள். சந்தேகப் பொருள்களுக்குச் சின்னச் சோதனைகள் உண்டு. பேக்கிங் பவுடரை வெந்நீரிலும், சமையல் சோடாவை வினிகரிலும் போட்டால் உடனே நுரைக்க வேண்டும். ஈஸ்ட்டை வெதுவெதுப்பான சர்க்கரை நீரில் போட்டால் பத்து நிமிடத்தில் பொங்க வேண்டும்.

டின் உணவில் மட்டும் முகர்ந்து பார்ப்பது வேண்டாம். உப்பிய டின், கசியும் டின், ஓரத் தையலில் நசுங்கிய டின், திறக்கும்போது பீறிட்டு வரும் டின் எதையும் சுவைத்துப் பார்க்காமலேயே எறிந்துவிடுங்கள். கெட்ட டின் உணவில் பாக்டீரியா உண்டாக்கும் பாட்டுலிசம் என்ற கொடிய நச்சுக்கு வாடையும் சுவையும் தெரியாமலே இருக்கலாம். தக்காளி, அன்னாசி போன்ற புளிப்பு டின்கள் ஒன்றரை வருடத்துக்குள் முடிக்க வேண்டியவை. புளிப்பில்லாத பயறு, மீன், இறைச்சி டின்கள் அதைவிட நீண்ட நாள் வரும்.

கைக்குழந்தைக்குப் பால் பவுடர் சேர்க்கலாமா?

தாய்ப்பால் குடிக்கும் குழந்தை என்றால் தாயின் சாப்பாட்டையும் குடிநீரையும் உறுதி செய்வதே முதல் சேமிப்பு. பவுடர் குடிக்கும் குழந்தைக்கு அது குடிக்கும் அதே வகையை ஒரு மாதத்துக்கு வையுங்கள், அதற்கு மேல் வேண்டாம். தேவை மாதத்துக்கு மாதம் மாறும். டின்னைத் திறந்தால் ஒரு மாதத்துக்குள் முடிக்க வேண்டும். நீர் கொதித்து ஆறும்போது 70 டிகிரிக்குக் குறையாமல் இருக்கையில் பவுடரைக் கலந்து, பிறகு ஆற்றிக் கொடுங்கள். தட்டுப்பாடு என்று நீரைக் கூட்டிக் கலக்காதீர்கள், அது குழந்தைக்கு வலிப்புவரை கொண்டுபோகும். சாதாரணப் பால் பவுடர் ஒரு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்கு மாற்று ஆகாது.

காய்கறி கிடைக்காவிட்டால்?

உருளைக்கிழங்கும் வெங்காயமும் நீண்ட நாள் தாங்கும், ஆனால் இரண்டையும் ஒன்றாக வைக்கக் கூடாது. ஒன்றின் ஈரத்தில் மற்றொன்று முளைவிட்டு அழுகும். வெங்காயத்துக்குக் காற்று, உருளைக்கு இருட்டு. பச்சை நிறம் ஏறிய உருளை கசந்தால் சாப்பிடாதீர்கள்.

மாதத்துக்கு மேல் காய், பழம் இல்லை என்றால் வைட்டமின் சி பற்றி யோசிக்க வேண்டும். காய்ந்த பயறில் அது அறவே இல்லை என்றே சொல்லலாம், முளைக்கும்போதுதான் உண்டாகிறது. பச்சைப்பயறை இரவு ஊறவைத்து, நீரை வடித்து, ஈரத்துணியில் கட்டி, ஒன்றரை முதல் இரண்டு நாள் வையுங்கள். தினம் இரு முறை அலசுங்கள். முளைப்பதற்கு ஏற்ற அதே சூடும் ஈரமும் நோய்க்கிருமிகளுக்கும் பிடிக்கும், அதனால் லேசாக வேகவைத்தே சாப்பிடுங்கள்.

மின்சாரம் போனால் குளிர்பெட்டியில் இருப்பது என்ன ஆகும்?

கதவைத் திறக்காவிட்டால் கீழ்ப்பெட்டி நான்கு மணி நேரம் தாங்கும். நிரம்பிய உறைபெட்டி இரண்டு நாள், பாதி நிரம்பியது ஒரு நாள். காலி இடத்தில் நீர் நிரப்பிய பாட்டில்களை உறையவைத்தால் தாங்கும் நேரம் கூடும், உருகினால் குடிநீருமாகும். கையிருப்பு முழுவதையும் உறைபெட்டியில் வைப்பவர் மின்கம்பியை நம்பி இருக்கிறார் என்று பொருள். சமைத்த சோற்றை அறை வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் விடாதீர்கள், அதில் பெருகும் ஒரு பாக்டீரியாவின் நச்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது.

தண்ணீர் சேர்க்க வேண்டுமா?

உணவுக்கு முன்பே. அரிசியும் பருப்பும் நீரில்லாமல் வெறும் கூழாங்கல். குடிக்கவும் சமைக்கவும் ஒருவருக்கு நாளுக்கு 4 லிட்டர், மூன்று நாளுக்காவது. குளியல், துவைத்தல் எல்லாம் சேர்த்து நாளுக்கு 15 லிட்டர் என்பதே பேரிடர் நிவாரணத்தில் வைக்கும் குறைந்தபட்ச அளவு.

சந்தேகமான நீரைத் துணியில் வடிகட்டி, தளதளவென ஒரு நிமிடம் கொதிக்கவிடுங்கள். 2,000 மீட்டருக்கு மேல் உயரமான இடத்தில் மூன்று நிமிடம். எரிபொருள் இல்லையென்றால், வாசனை சேர்க்காத வீட்டு பிளீச் திரவம் (சோடியம் ஹைப்போகுளோரைட் 5 முதல் 9 சதவீதம்) ஒரு லிட்டருக்கு இரண்டு சொட்டு, கலங்கல் நீருக்கு நான்கு சொட்டு விட்டு அரை மணி நேரம் விடுங்கள். பிளீச் ஒரு வருடத்தில் வீரியம் குறையும்.

எரிபொருள்?

அரிசி இருந்து அடுப்பு எரியாத வீடுகள் உண்டு. மாற்று சிலிண்டர் ஒன்று எப்போதும் நிரம்பியிருக்கட்டும். நிமிர்த்தி, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். எரிவாயு காற்றைவிடக் கனமானது என்பதால் நிலவறையில் வைத்தால் கசிவு கீழேயே தேங்கும். அரிசியை அரை மணி, பயறை எட்டு மணி ஊறவைத்தாலே எரியும் நேரம் கணிசமாகக் குறையும். சோறு கொதித்துப் பாதி வெந்ததும் இறுக மூடி, கம்பளியில் சுற்றி ஒரு பெட்டியில் வைத்தால் மீதி வேக்காடு அடுப்பில்லாமலே முடியும். கரி அடுப்பை மூடிய அறைக்குள் எரிக்கவே கூடாது.

சாப்பாடு தவிர வேறென்ன?

தினசரி மருந்து, மருத்துவர் எழுதித் தந்தால் ஒரு மாதம் முன்கூட்டி. சோப்பு, மாதவிடாய் நாப்கின், குழந்தைக்கு டயப்பர், தீப்பெட்டி, பேட்டரி, வளர்ப்புப் பிராணியின் தீனி. டின்கள் வாங்கியவர்கள் டின் திறப்பான். வயிற்றுப்போக்கு வந்தால் ஒரு லிட்டர் சுத்தமான நீரில் ஆறு மட்டத் தேக்கரண்டி சர்க்கரை, அரை மட்டத் தேக்கரண்டி உப்பு. உப்பு கூடினால் ஆபத்து என்பதால் அளந்தே போடுங்கள்.

சேர்த்தது பழசாகிப் போகாமல் எப்படிப் பார்ப்பது?

புதிதாக வாங்கியது பின்னால், பழையது முன்னால். சமையலுக்கு முன்வரிசையிலிருந்து மட்டும் எடுக்க வேண்டும். டப்பாவில் பழைய அரிசியின் மேல் புதியதைக் கொட்டுவதுதான் பெரும்பாலான வீடுகளில் நடக்கும் தப்பு: அடியில் இருப்பது மாதக்கணக்கில் அசையாமல் கிடந்து, அதிலிருக்கும் வண்டு மேலே ஏறும். டப்பாவைக் காலி செய்து, துடைத்து, முழுக்கக் காய்ந்த பிறகே அடுத்ததைக் கொட்டுங்கள். மூலையில் ஒட்டியிருக்கும் மாவுத்தூள் போதும், பூச்சி அடுத்த தலைமுறையைத் தொடங்க.

மாதம் ஒரு நாள் எல்லா மூடியையும் திறந்து முகர்ந்து பாருங்கள். பதினைந்து நிமிட வேலை. தேதி நெருங்கியதை எடுத்து அந்த வாரச் சமையலில் போடுங்கள், வீட்டில் யாரும் விரும்பாததை உண்பவர் இருக்கும் இடத்துக்கு அனுப்பிவிட்டு, அடுத்த முறை அதை வாங்காதீர்கள்.